தீபாவளியில இருந்து பொங்கல் வரைக்கும் நுவரெலியாவுல தனியா இருக்கப்போற மதுரைத் தம்பிக்கு

தம்பி கேட்டதை முதல்ல சுருக்கமா சொல்லிர்றேன், புதுசா வாசிக்கிறவங்களுக்கும் வெளங்கணும்ல. ஊரு மதுரை, ஆகஸ்ட்ல இலங்கையில நுவரெலியாவுல ஒரு ஹோட்டலுக்கு அக்கவுண்ட்ஸ் வேலைக்கு வந்திருக்காரு, சம்சாரமும் ரெண்டு வயசு மகளும் ஊர்ல. புது ஆளுங்கிறதால தீபாவளிக்கு லீவு கெடையாதுன்னுட்டாங்க, டிசம்பர் நடுவுல இருந்து ஜனவரி பத்து வரைக்கும் யாருக்குமே லீவு இல்லன்னு நோட்டீஸும் ஒட்டியாச்சாம். அவர் கேக்குறது, அங்க தீபாவளி பொங்கல் எல்லாம் உண்டா, போறதுக்கு என்ன எடம் இருக்கு, பொங்கல் சாமான் கெடைக்குமா. ஆனா கடைசி வரியில "ரூம் கதவைச் சாத்திட்டு படுத்தே கெடந்துருவேனோன்னு பயமா இருக்கு"ன்னு எழுதியிருக்காரே, அதுதான் உண்மையான கேள்வின்னு எனக்குப் படுது. மத்தது எல்லாம் பஸ் ஸ்டாண்டுல நின்னு யார்கிட்ட கேட்டாலும் சொல்லுவாங்க.

நான் டாக்டரோ கவுன்சிலரோ இல்ல தம்பி. மலையகத்துல, அதாவது இலங்கையோட தேயிலைத் தோட்ட மலைப் பக்கத்துல பொறந்து, நுவரெலியா பண்டாரவளைப் பக்கம் ஹோட்டல்கள்ல டியூட்டி ரோஸ்டர் போட்டு, ஸ்டாஃப் குவார்ட்டர்ஸ் பாத்து, லீவு சண்டை தீர்த்து தலை நரைச்ச ஆளு. வெளியூர்ல இருந்தும் வெளிநாட்டுல இருந்தும் வந்து முதல் சீசனைத் தனியா தாண்டினவங்களை நெறைய பாத்திருக்கேன், தாண்ட முடியாம டிசம்பர் இருவதுக்கே பெட்டியைக் கட்டுனவங்களையும் பாத்திருக்கேன். அதை வச்சுத்தான் சொல்றேன். மனசு சம்பந்தமா நான் சொல்றது என் அபிப்பிராயம் மட்டும்தான், ரோஸ்டர் சம்பந்தமா சொல்றதை நம்பலாம்.

முதல்ல ஒரு நல்ல சேதி, அதை நீங்களே கவனிக்கலன்னு நெனைக்கிறேன். நோட்டீஸ் ஜனவரி பத்தோட முடியுது. பொங்கல் 14 இல்லாட்டி 15. அப்படின்னா பொங்கலுக்கு மதுரை போற வழி இன்னும் அடைபடல, நீங்களா "அதுவும் போச்சு"ன்னு முடிவு பண்ணிட்டீங்க. தைப்பொங்கல் இலங்கையில அரச விடுமுறை மட்டும் இல்ல, கம்பெனிகளுக்கான மேர்க்கன்டைல் விடுமுறைப் பட்டியல்லயும் இருக்கு, நத்தாரும், அதான் கிறிஸ்துமஸ், அதுல இருக்கு. தீபாவளி அரச, வங்கி விடுமுறை, ஆனா மேர்க்கன்டைல் பட்டியல்ல இல்ல, அதனாலதான் பிரைவேட் கம்பெனிக்காரங்க தீபாவளி லீவை இவ்வளவு லேசா மறுக்குறாங்க. ஹோட்டல்ங்கிறதால விடுமுறை அன்னைக்கும் கூப்பிடத்தான் செய்வாங்க, அதுக்குப் பதிலா வேற நாள் லீவா இல்ல மேலதிகக் கொடுப்பனவாங்கிறது உங்க நியமனக் கடிதத்துல இருக்கும், அதை எடுத்து ஒருக்கா நிதானமா வாசிங்க. லீவு கெடைச்சிரும்னு நான் வாக்குக் குடுக்க மாட்டேன், அது உங்க மேனேஜர் கையில. ஆனா கேட்டவனுக்குத்தான் கெடைக்கும், அதுவும் முதல்ல கேட்டவனுக்கு. ஜனவரியில போய்க் கேட்டீங்கன்னா உங்களுக்கு முன்னால பத்து இந்துப் பொடியன்கள் கேட்டு முடிச்சிருப்பாங்க.

எப்படிக் கேக்கணுங்கிறதுலதான் விசயம் இருக்கு. ஹோட்டல்ல லீவுங்கிறது ஒரு மாதிரி கொடுக்கல் வாங்கல் தம்பி. தீபாவளிக்கு இந்து ஆள் போகணும், இருபத்தஞ்சாம் தேதி கிறிஸ்தவ ஆள் போகணும், நோன்புப் பெருநாளுக்கு கண்டி, மாவனல்லைப் பக்கத்து முஸ்லிம் பொடியன் போகணும், சித்திரைப் புத்தாண்டுக்கு சிங்கள ஆளுங்க வீட்டுக்குப் போயே ஆகணும், அந்த ஏப்ரல்தான் நுவரெலியாவுக்கு கொழும்புக் கூட்டம் வந்து குவியிற சீசனும்கூட. ரோஸ்டர் போடுறவனுக்கு இது வருஷா வருஷம் தலைவலி. புது ஆளுக்கு சர்வீஸ் கெடையாது, சிபாரிசு கெடையாது, அவன் கையில இருக்கிற ஒரே முதல் அவனோட நாளுதான். நீங்க அக்கவுண்ட்ஸ். டிசம்பர் 24 ராத்திரி உங்க ஹோட்டல்ல நைட் ஆடிட், அதான் அன்னைக்குக் கணக்கை ராத்திரியில முடிக்கிற வேலை பாக்குறவரோ, ரிசப்ஷன்ல கேஷ் பாக்குறவரோ கண்டிப்பா ஒருத்தராவது கிறிஸ்தவரா இருப்பாரு, அவருக்கு அன்னைக்கு நடுச்சாமப் பூசைக்குக் குடும்பத்தோட போகணுங்கிற ஆசை இருக்கும், வெளியில சொல்லவும் மாட்டாரு. நீங்களா போய் "அண்ணே, இருபத்திநாலு ராத்திரி நான் பாத்துக்கிறேன், பொங்கலுக்கு மூணு நாள் நீங்க என் டெஸ்க்கைப் பாத்துக்கோங்க"ன்னு சொல்லுங்க, ரெண்டு பேரும் பேசி முடிச்சிட்டு, ஒரே பேப்பர்ல ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டு எச்ஆர்ல குடுங்க. நான் பாத்த வரைக்கும் ஆளை மாத்தி வச்சுட்டு வர்ற லீவு லெட்டரை மறுக்க எந்த மேனேஜருக்கும் காரணம் கெடைக்காது. வெறும் "குடும்பத்தைப் பாக்கணும் சார்"ங்கிற லெட்டருக்கு ஆயிரம் காரணம் கெடைக்கும்.

இதுல லீவை விட பெரிய லாபம் ஒண்ணு இருக்கு. நாள் மாத்திக் குடுத்த ஆள் உங்களை வீட்டுக்குக் கூப்பிடாம விடமாட்டாரு. இங்க யாரும் "வாங்களேன்"னு சும்மா ரோட்டுல போறவனைக் கூப்பிடுறதில்ல, வெள்ளைச் சட்டை போட்ட ஆபீஸ் ஆளை, அதுவும் இந்தியாவுல இருந்து வந்தவரை, லயத்துக்கு, அதான் தோட்டத்து வரிசை வீட்டுக்குக் கூப்பிட நெறைய பேருக்குக் கூச்சமா இருக்கும். அவங்க கூச்சப்படுறாங்க, நீங்க கூப்பிடலையேன்னு நெனைச்சுட்டு ரூம்ல கெடக்குறீங்க. அந்தச் சுவரை உடைக்கிறதுக்கு எனக்குத் தெரிஞ்ச ஒரே வழி ஏதாவது ஒரு ஒதவி செய்யிறது இல்லாட்டி ஒதவி கேக்குறதுதான். தீபாவளிக்கு முன்னாலயே ஹவுஸ்கீப்பிங்லயோ கிச்சன்லயோ தோட்டத்துல இருந்து வர்ற ஒருத்தர்கிட்ட "முறுக்கு சுடும்போது சொல்லுங்க, வந்து பிழிஞ்சு தர்றேன்"னு சொல்லிப் பாருங்களேன், சிரிப்பாங்க, ஆனா சொல்லுவாங்க.

தீபாவளி இங்க உண்டான்னு கேட்டீங்க. மலையகத்துல பெரிய பண்டிகையே அதுதான், பொங்கல் அதுக்கு அடுத்தபடி. தோட்டத்துல வேலை செய்யிறவங்களுக்கு தீபாவளி முற்பணம்னு ஒரு தொகை குடுப்பாங்க, பின்னால சம்பளத்துல கொஞ்சம் கொஞ்சமா கழிப்பாங்க. அந்தக் காசு கைக்கு வந்த வாரம் ஹட்டன் டவுனுக்கு ஒரு நடை போயிட்டு வாங்க, நடைபாதை முழுக்க துணி, கால் வைக்க எடம் இருக்காது. கொழும்புல கடைகள்ல நிக்கிற எங்க பிள்ளைங்க அத்தனை பேரும் புறக்கோட்டையில இருந்து ராத்திரி பஸ்ல நின்னுக்கிட்டே வந்து எறங்குவாங்க. மழை இருக்கும், அது நிச்சயம், அக்டோபர் நவம்பர்ல மத்தியானம் ரெண்டு மணி தாண்டினா இடியோட கொட்டும். விடியக்காலையில எண்ணெய்க் குளியல் உண்டு, ஆனா உங்க ஊர் மாதிரி நெனைச்சுராதீங்க, நாலு மணிக்கு பத்து பன்னெண்டு டிகிரி குளிர்ல தேங்கா எண்ணெய் போத்தல்ல வெள்ளையா கட்டியாயிருக்கும், வெந்நிப் பானைக்குப் பக்கத்துல கொஞ்ச நேரம் போத்தலைச் சாய்ச்சு வச்சாத்தான் கையில ஊத்த வரும். நல்லெண்ணெய்னா அந்தச் சிரமம் இல்ல, டவுன்ல இப்பவே ஒரு போத்தல் வாங்கி வச்சுக்குங்க. இட்லி தோசை எல்லா வீட்லயும் இருக்கும், மாவு பொங்குறதுக்கு முதல் நாள் காலையிலயே அரைச்சு அடுப்புக்குப் பக்கத்துல கம்பளி சுத்தி வைப்பாங்க. மத்தியானம் கோழியோ ஆட்டிறைச்சியோ. சாயங்காலம் கோயில்.

வீட்டுக்குப் போனா கொஞ்சம் கவனிக்க வேண்டியது இருக்கு. அந்தச் சாப்பாடு முற்பணத்துல வந்தது, நாள் சம்பளம் ஆயிரம் ரூபா ஆகுறதுக்கே 2021 வரைக்கும் கத்த வேண்டியிருந்த சனம், அதனால வெறுங்கையோட போகாதீங்க, சாராயப் போத்தலோடயும் போகாதீங்க. பழம், ஒரு பெட்டி பிஸ்கட், சின்னப் பிள்ளைகளுக்கு மத்தாப்பு, அது போதும். இருட்டுறதுக்கு முன்னால கெளம்பிருங்க, தோட்டத்துக்குள்ள இருந்து டவுனுக்கு வர்ற கடைசி பஸ் நேரத்தை ஏறும்போதே கண்டக்டர்கிட்ட கேட்டு வச்சுக்கோங்க, பனி மூடிருச்சுன்னா ஆட்டோக்காரங்களும் வர யோசிப்பாங்க. குறுக்குப் பாதையில புல்லுல நடந்தீங்கன்னா அட்டை ஏறும், பயப்பட ஒண்ணும் இல்ல, சோப்போ உப்போ தடவுனா விட்டுரும்.

அப்புறம், வயசானவங்க உங்களைப் பாத்ததும் கேக்குற முதல் கேள்வி "இந்தியாவுல எந்த ஊரு". நீங்க மதுரைன்னதும் அவங்க தாத்தா வந்த ஊரைச் சொல்லுவாங்க, திருச்சிப் பக்கம், புதுக்கோட்டை, நாமக்கல், சேலம், சில பேருக்கு ஊர்ப் பேரு தேய்ஞ்சு ஒரு எழுத்து ரெண்டு எழுத்துதான் மிஞ்சியிருக்கும். கோப்பிக் காலத்துல, 1820கள்ல தொடங்கி, மன்னார்ல எறங்கி காட்டு வழியா மாத்தளைக்கு நடந்து வந்த சனத்தோட பிள்ளைங்க, இருநூறு வருஷம் ஆச்சுன்னு 2023ல அதே வழியில தலைமன்னார்ல இருந்து மாத்தளைக்கு நடந்தாங்க, நீங்க செய்தியில பாத்திருக்கலாம். 1964ல இந்தச் சனத்துல யாரு இந்தியாவுக்கு, யாரு இலங்கைக்குன்னு ரெண்டு அரசும் பிரிச்ச சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் வந்து பாதிக் குடும்பம் அங்கிட்டு, பாதி இங்கிட்டுன்னு பிரிஞ்ச வீடுகள் ஏராளம், எங்க சொந்தக்காரங்களே கோத்தகிரியிலயும் கூடலூர்லயும் இருக்காங்க. அதனால பாட்டி ஒருத்தி உங்க கையைப் புடிச்சுக்கிட்டு "எங்க ஆளுங்களைத் தேடிப் பாத்துச் சொல்லுப்பா"ன்னா, சரி பாட்டின்னு சும்மா தலையாட்டாதீங்க, அவங்க அதை வருஷக்கணக்கா நம்பிக்கிட்டு இருப்பாங்க. அதே மாதிரி "நீங்களும் எங்க ஊர்க்காரங்கதானே"ன்னு பெருந்தன்மையா சொல்றதும் வேண்டாம். அவங்க ஊரு இதுதான்.

இன்னொண்ணு நீங்க எதிர்பாக்காதது. சாப்பிட உக்காரும்போது தண்ணிக் கப்புல சாய்ச்சு ஒரு போன் இருக்கும், அதுல ஒரு அக்காவோ அம்மாவோ குவைத்துலயோ சவூதியிலயோ அடுத்தவங்க வீட்டு சமையலறையில நின்னுக்கிட்டு, குரலைத் தாழ்த்தி "பாப்பாவுக்குச் சட்டை அளவா இருக்கா"ன்னு கேட்டுக்கிட்டு இருப்பாங்க. மலையகத்துல வெளிநாட்டுக்குப் போன ஆள் இல்லாத லயம் இல்ல. தூரத்துல இருந்து பண்டிகை பாக்குறதுன்னா என்னன்னு இந்தச் சனத்துக்கு நீங்க வெளக்கவே வேண்டியதில்ல, உங்க முகத்தைப் பாத்தே இன்னொரு கரண்டி கறி ஊத்துவாங்க.

ஊருக்குப் போன் பேசுறதைப் பத்தியும் சொல்லணும், ஏன்னா நிறையப் பேரு அன்னைக்கு ஒடைஞ்சு போறது போன் வச்ச பிறகுதான். இலங்கைக்கும் இந்தியாவுக்கும் நேரம் ஒண்ணு, 2006ல இருந்து அப்படித்தான். அது வசதி மாதிரித் தெரியும், ஆனா துபாய்ல இருக்கிறவனுக்கு நேர வித்தியாசம் ஒரு சாக்காவது குடுக்கும், உங்களுக்கு அங்க வெடி போடுற அதே நிமிஷம் இங்க நீங்க பில் சரி பாத்துக்கிட்டு இருப்பீங்க. தீபாவளி காலையில ஏழு எட்டு மணிக்கு வீடியோ கால் எடுத்தா வீட்ல ஒருத்தருக்கும் பேச நேரம் இருக்காது, குழந்தை போனைப் பாக்காது, ரெண்டு வயசுப் பிள்ளை அது, வெடிச் சத்தத்தைத்தான் பாக்கும், நீங்க "அப்பாவைப் பாரும்மா"ன்னு கெஞ்சிட்டு மனசு வெறுத்துப் போய் வைப்பீங்க. அதுக்குப் பதிலா முதல் நாள் ராத்திரி பலகாரம் சுடும்போது போனை அலமாரியில நிறுத்தி வைக்கச் சொல்லுங்க, யாரும் உங்ககூட பேசணும்னு இல்ல, எண்ணெய் பொரியிற சத்தம், உங்க அம்மா யாரையோ ஏசுறது, எல்லாம் அது பாட்டுக்குக் கேட்டுக்கிட்டு இருக்கட்டும், நீங்க இந்தப் பக்கம் துணி மடிச்சுக்கிட்டு இருங்க. எங்க ஸ்டாஃப்ல இதைச் செஞ்சவங்க கொஞ்சம் தெளிவா இருந்தாங்க. எல்லாருக்கும் சரிவருமான்னா அது ஆளைப் பொறுத்தது, சிலருக்கு அதுவே தாங்காது, அப்படின்னா சுருக்கமா பேசிட்டு வேலைக்குப் போயிருங்க.

தீபாவளிக்கும் நத்தாருக்கும் நடுவுல இருக்கிற நாட்களை ரொம்ப வெளக்கப் போறதில்ல. திருக்கார்த்திகை பெரும்பாலும் ஒரு போயா நாளோட ஒட்டி வரும், போயான்னா பௌர்ணமி, நாடு பூரா விடுமுறை, பார் எல்லாம் பூட்டு. டிசம்பர் போயா உந்துவப், அன்னைக்குத்தான் சிவனொளிபாதமலைக்கு, ஆதாம் மலைன்னும் சொல்லுவாங்க, யாத்திரை சீசன் தொடங்கும், மே மாசம் வெசாக் வரைக்கும் நடக்கும். ஹட்டன், மஸ்கெலியா வழியா நல்லதண்ணிக்கு பஸ் ஓடும், அங்க இருந்து அஞ்சாயிரத்துக்கு மேல படி. ராத்திரியில ஏறி விடியும்போது உச்சியில நிக்கிற மாதிரி போவாங்க, சிங்கள ஆளு, தமிழ் ஆளு, முஸ்லிம் ஆளு எல்லாம் ஒரே வரிசையில. தனியா இருக்கிறவனுக்கு ஏத்த எடம், ஏன்னா அங்க தனியா ஏற விடமாட்டாங்க, எவனாவது ஒருத்தன் தேத்தண்ணிக் கடையில உக்காரச் சொல்லிருவான். மார்கழி பொறந்ததும் தோட்டத்துக் கோயில்கள்ல விடிய முன்னாலயே பஜனை, ஒலிபெருக்கி சத்தம் பனிக்குள்ள இருந்து எந்தப் பக்கத்துல வருதுன்னே தெரியாது. உங்க குவார்ட்டர்ஸுக்கும் கேக்கும், தூக்கம் போகும், போகட்டும். சீதா எலிய கோயிலுக்கும் றம்பொடை ஆஞ்சநேயர் கோயிலுக்கும் போகலாம், ஆனா சீசன்ல இந்தியாவுல இருந்து ராமாயண டூர் பஸ்கள் வந்து நிக்கும், நம்ம ஊர் ஆட்கள் பேசுறதைக் கேட்டா சிலருக்கு ஆறுதல், சிலருக்கு அன்னைக்கு ராத்திரி சோறு எறங்காது. மழை பெஞ்சுக்கிட்டு இருந்தா எங்கயும் கெளம்ப முன்னால தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவகம் விடுற மண்சரிவு எச்சரிக்கையைப் பாருங்க, ரயில் பாதையும் மண் விழுந்தா மூடிரும். 2025 நவம்பர் கடைசியில டித்வா புயல்ல இந்த மலையில என்ன நடந்துச்சுன்னு பாத்தவங்க மழையை லேசா எடுக்கமாட்டாங்க.

நத்தார் இங்க சின்ன விசயம் இல்ல. மலையகத் தமிழர்ல கத்தோலிக்கர், அங்கிலிக்கன், மெதடிஸ்ட்ன்னு கணிசமா இருக்காங்க. டிக்கோயாப் பக்கம் வார்லி தேவாலயம் 1878ல கட்டுனது, நுவரெலியா டவுன்லயே ஹோலி டிரினிட்டி 1852ல இருந்து இருக்கு, வெள்ளைக்காரத் தொரைமார் கும்பிடக் கட்டுன கோயில்கள்ல இன்னைக்குத் தமிழ்ல ஜெபிக்கிறாங்க. டிசம்பர் தொடங்குனதுமே ஸ்கூல், ஆபீஸ் எல்லாத்துலயும் ஒளிவிழாங்கிற நத்தார்க் கொண்டாட்டம், லயத்துக்கு லயம் கரோல் கோஷ்டி. நடுச்சாமப் பூசைக்கு யார் வேணும்னாலும் போய் பின் வரிசையில உக்காரலாம், 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புக்குப் பிறகு வாசல்ல பையைச் சோதிப்பாங்க, கோவிச்சுக்காதீங்க. நீங்கதான் டியூட்டியில இருப்பீங்க, அதனால கேக் உங்களைத் தேடி வரும். இங்கத்த நத்தார் கேக் உங்க ஊர் பிளம் கேக் இல்ல, மாவுக்குப் பதிலா ரவை, முந்திரி, சீனிப் பாகுல போட்ட பூசணி தோசி, தேன், ரோஸ் எசன்ஸ் எல்லாம் போட்டு கனமா செஞ்சு, சின்னச் சின்னத் துண்டா வெட்டி மினுங்குற பேப்பர்ல சுத்தித் தருவாங்க. ஒரு துண்டுக்கே வயிறு நெறையும். சீசன்ல இன்னொரு லாபம், பில்லுல பத்து வீதம் சேர்விஸ் சார்ஜ் போடுறாங்கல்ல, ஹோட்டல் நெறைஞ்சா அந்தப் பங்கும் கூடும், அக்கவுண்ட்ஸ்ல இருக்கிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. முப்பத்தொண்ணு ராத்திரி வெடிச் சத்தம் தீபாவளியைத் தோக்கடிக்கும். ஜனவரி ஒண்ணு இங்க அரச விடுமுறை இல்ல, எல்லாரும் வேலைக்கு வந்துருவாங்க, சிங்கள நண்பர்கள் டிபன்ல பாற்சோறு கொண்டு வருவாங்க, ஸ்டோர்ல இருந்து வெங்காயம் மிளகாய் இடிச்ச ஒரு லுணுமிரிஸ் சம்பலும் வரும். அதைச் சாப்பிடாம "நான் டயட்"னு சொல்லாதீங்க தயவுசெஞ்சு.

எனக்குப் பயம் உங்களுக்கு நத்தார்ல இல்ல தம்பி. ஜனவரி ரெண்டுல இருந்து பொங்கல் வரைக்கும் இருக்கிற அந்த வாரம் பத்து நாள்தான். டூரிஸ்ட் கொறையும், ஓவர்டைம் நிக்கும், ஒடம்பு அலுத்துப் போயிருக்கும், ராத்திரியில உறைபனி விழுற காலம் வேற, காலையில தேயிலைக் கொழுந்தும் கெழங்கு எலையும் கருகிக் கெடக்கும், ஏழு எட்டு மணிக்கு டவுன்ல கடை எல்லாம் பூட்டிருவாங்க. பெட்டியைக் கட்டாம டிசம்பரைத் தாண்டுனவங்க சறுக்குறது பெரும்பாலும் இங்கதான், குவார்ட்டர்ஸ்ல ராத்திரி போத்தல் தொறக்குறதும் இங்கதான் தொடங்கும். குளிருக்குக் குடிக்கிறேன்னு சொல்லுவாங்க. குளிருக்கு ஸ்வெட்டர் இருக்கு, நுவரெலியா பஸார்ல வழியெல்லாம் தொங்குது. இது குளிராலயா, அலுப்பாலயா, தனிமையாலயான்னு பிரிச்சுச் சொல்ல நான் படிச்சவன் இல்ல, ஆனா அந்த வாரத்துக்கு முன்கூட்டியே ஏதாவது ஒரு வேலை வச்சுக்கிட்டவங்க தப்பிச்சதைப் பாத்திருக்கேன், ஒருத்தர் தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் குடுத்தாரு, இன்னொருத்தர் சிங்களம் படிச்சாரு. நீங்களும் கணக்குக்காரர்தானே. தூக்கம் ரெண்டு வாரமா சரியில்ல, வேலைக்குப் போகவே மனசில்ல, செத்துரலாம் போலன்னு ஒரு நெனைப்பு வந்துச்சுன்னா அது பண்டிகை ஏக்கம் இல்ல, யார்கிட்டயும் வெக்கப்படாம 1926க்கு எடுங்க, அது தேசிய மனநல உதவி எண், இல்லாட்டி நேரா நுவரெலியா ஆஸ்பத்திரிக்குப் போங்க.

குடும்பத்தை இங்க கூப்பிடலாமான்னு யோசிப்பீங்க. மதுரையில இருந்து கொழும்புக்கு ஒரு மணி நேரப் பறப்புதான், ஆனா கட்டுநாயக்கா ஏர்போர்ட்ல இருந்து நுவரெலியாவுக்கு வளைஞ்சு வளைஞ்சு அஞ்சு ஆறு மணி நேரம், ரெண்டு வயசுப் பிள்ளை றம்பொடை தாண்டுறதுக்குள்ள வாந்தி எடுத்துரும். டிசம்பர்ல கூப்பிட்டா நீங்க டியூட்டியில, அவங்க குவார்ட்டர்ஸ்ல, அது ரெண்டு பேருக்கும் சண்டையிலதான் முடியும். கூப்பிடுறதா இருந்தா பெப்ரவரி மார்ச்ல கூப்பிடுங்க, மழை கொறைவு, ரூம் விலையும் எறங்கியிருக்கும். விசா விதி மாறிக்கிட்டே இருக்கு, யார் சொல்றதையும் நம்பாம குடிவரவுத் திணைக்களத்தோட தளத்துல அப்பப்போ பாத்துக்கோங்க. பொங்கலுக்கு நீங்க போறதா இருந்தா, உங்க ரெசிடன்ஸ் விசா எப்ப முடியுதுன்னு இன்னைக்கே பாருங்க, ஜனவரியில புதுப்பிக்க பாஸ்போர்ட்டைக் குடுத்துட்டு கையைப் பெசஞ்சுக்கிட்டு நின்ன ஆளுங்க உண்டு. பாஸ்போர்ட்ல சிக்கல்னா இந்திய உதவி உயர்ஸ்தானிகராலயம் கண்டியிலயே இருக்கு, கொழும்புக்கு ஓட வேண்டாம்.

போக முடியலன்னா, சாமான் பத்திக் கேட்டீங்களே. எல்லாம் கெடைக்கும். பொங்கலுக்கு ரெண்டு மூணு நாள் முந்தி நுவரெலியா, ஹட்டன், தலவாக்கலை டவுன்கள்ல கரும்பு, மஞ்சள் செடி, புதுப் பானை எல்லாம் ரோட்டோரம் வந்துரும். அலங்காநல்லூர் வராது, அதை டிவியில பாத்துக்குங்க, நாங்களும் அதைத்தான் பாக்குறோம். வெல்லத்துக்குப் பதிலா கித்துள் கருப்பட்டி, அதான் கித்துள் பனையில எடுக்கிறது, போட்டுப் பாருங்க, வாசம் வேற மாதிரி ஆனா நல்லா இருக்கும், சீனி கலந்த போலி நெறைய வருது, அதனால டூரிஸ்ட் கடையில வாங்காம கிச்சன்ல வேலை செய்யிற யாராவது கெராமத்து ஆள்கிட்ட சொல்லி எடுங்க. நுவரெலியா 1868 மீட்டர் உயரம், தண்ணி இங்க நூறு டிகிரிக்கு முன்னாலயே, தொண்ணூத்திநாலு வாக்குலயே கொதிச்சிரும், பால் சீக்கிரம் பொங்கிரும் ஆனா அரிசியும் பாசிப்பருப்பும் வேகாது, அதனால பருப்பை முதல்லயே குக்கர்ல வேக வச்சு வச்சுக்கிட்டு பானையில சேருங்க, இல்லாட்டி பத்து மணி வரைக்கும் கிண்டிக்கிட்டு நிப்பீங்க. குவார்ட்டர்ஸ் முத்தத்துல மூணு கல்லு வச்சு வெறகுல வைக்கிறதா இருந்தா முதல் நாளே செக்யூரிட்டிகிட்டயும் மெயின்டனன்ஸ்காரர்கிட்டயும் சொல்லிருங்க, வெறகு ஈரமா இருக்கும், பேக்கரிப் பக்கத்துல காஞ்ச வெறகு ஒரு கட்டு கேட்டா குடுப்பாங்க. பானையைக் கொஞ்சம் பெரிசா வாங்குங்க, மணம் போனதும் பக்கத்து ரூம்காரங்க எல்லாம் தட்டோட வந்து நிப்பாங்க. லீவு லெட்டரை மட்டும் இந்த வாரமே குடுத்துருங்க.